நிலம் காட்டும் அண்ணன்

களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளையில் கேரளம் தொடங்குகிறது. அங்கிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வரை எந்த டீக்கடையில் கேட்டாலும் ஒரு புரோக்கர் அண்ணன் கிடைப்பார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ரெக்ஸின் பை, சட்டைப்பையில் இரண்டு போன். தமிழ்நாட்டுப் பார்ட்டிக்கு ஒன்று, கேரளப் பார்ட்டிக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து அடித்தால் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு ஒரே பொய்யை இரண்டு மொழியிலும் சொல்லுவார்.

கீழே நாலு கடை, மேலே வீடு என்று கட்ட, திருநெல்வேலியிலிருந்து நான் பத்து செண்ட் தேடிப் போனது இப்படி ஒருவரிடம்தான்.

நான் தமிழ் ஆள் என்றதும் மாநில எல்லை பிரித்த 1956-ஐ எடுத்தார். "நேசமணி ஐயா தமிழ்நாட்டுக்கு நெய்யாற்றின்கரையையும் சேத்துல்லா கேட்டாரு! அந்த நவம்பர் ஒண்ணாந் தேதி கோட்டைக் கொஞ்சம் வடக்கே போட்டிருந்தா இது தமிழ்நாடாக்கும். சொந்த ஊர்ல வாங்குறதா நெனச்சுக்கிடுங்க சார்." மலையாளப் பார்ட்டி வந்தால் மார்த்தாண்ட வர்மா வருவார். எதிரிகளுக்குப் பயந்து மகாராஜா ஒளிந்ததாகச் சொல்லும் பலாமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் இருக்கிறதே, ராஜாவுக்கே பத்திரமான ஊர்!

இரண்டு பேருக்கும் பொதுவானது விழிஞ்ஞம் துறைமுகம். 2024 ஜூலையில் முதல் சரக்குக் கப்பல் வந்தபோது ஒரு விலை, 2025 மே மாதம் பிரதமர் வந்து திறந்துவைத்தபோது இன்னொரு விலை. அங்கே கப்பல் ஹாரன் அடித்தால் இங்கே செண்டுக்கு ஐயாயிரம் ஏறும். நெடுஞ்சாலை ஓரத்தில் 3 மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஃப்ரீ பார்க்கிங்'.

இடம் காட்டும்போது அவர் காலைப் பார்க்க வேண்டும், ரோட்டை விட்டு இறங்காது. குடையை நீட்டியே நாலு எல்லையையும் காட்டினார். நான் இறங்கினேன். பங்குனி வெயிலிலும் செருப்பு புதைந்தது.

"ஈரம் ஒள்ள மண்ணாக்கும் சார். பத்தடியில தண்ணி!"

பத்தடி எதற்கு? செருப்புக்குள்ளேயே வந்துவிட்டது.

அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து காகிதம். "ஆதாரம் எப்ப வச்சுக்கிடலாம்?" என்றார். பர்ஸிலிருந்து ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சாரே, ஆதாரம்னா உங்க ஊர்ப் பத்திரம்." போக்குவரவும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பஸ் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன். அது பட்டா மாறுதல் என்று பிறகு தெரிந்தது.

முத்திரைக்கு 8 சதவீதம், பதிவுக்கு 2, தனக்கு 2 என்று கணக்குச் சொன்னார். "கவர்மெண்டு வாங்குறதைத்தான் நானும் வாங்குதேன்." 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கைமாறியது.

பழைய ஆதாரத்தின் நகலைப் புரட்டினேன். 'இனம்: நிலம்' என்று இருந்தது. நிலம்தானே வாங்க வந்தேன், திருப்தியாக இருந்தது. எட்டிப் பார்த்த டீக்கடைக்காரர்தான் கிளாஸைக் கீழே வைத்தார். "சாரே, இங்க ரெக்கார்டுல நிலம்னா நெல்வயல். வீடு, கடை கட்டணும்னா புரயிடம்னு இருக்கணும்." 2008-இல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னார். நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கில் ஏறியிருந்தால் அதிலிருந்து நீக்க ஐந்தாம் நம்பர் படிவம், ஏறாமல் இருந்தால் தரம் மாற்ற ஆறாம் நம்பர் படிவம், இரண்டுக்கும் ரெவின்யூ ஆபீஸ் நடை. டீ போடுகிறவருக்குத் தெரிந்தது இடம் விற்கிறவருக்குத் தெரியாதா?

அண்ணன் அசரவில்லை. "நிலம்னுதானே நானும் சொன்னேன்? ஒரு வார்த்தை மாத்திச் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். இத்தனை பேச்சில் அந்த ஒரு வார்த்தைதான் உண்மை.

அந்தப் பக்கம் இடம் பார்க்கப் போகிறவர்கள் வில்லேஜ் ஆபீஸில் பி.டி.ஆர். என்ற அடிப்படை வரிப் பதிவேட்டின் நகலை எடுத்து 'புரயிடம்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். என் 5,000 இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது.