ருக்மணி குக்கரின் பேத்தி

அந்தக் காலத்துப் பெண்களுக்கு நேரம் இருந்தது, அதனால் நிதானமாகச் சமைத்தார்கள்; இன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை, அதனால் அவசரமாகச் சமைக்கிறோம் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது அப்படி இல்லை. கொஞ்சமும் நேரம் இல்லாத ஒருத்திதான் மெல்ல வேகவைக்கும் பாத்திரத்தைத் தேடி வைத்திருந்தாள். அவள் என் பாட்டி.

அப்பாவுக்குப் பெங்களூர் தூரவாணிநகரில் ஐ.டி.ஐ. வேலை. 1948இல் தொடங்கிய அந்தத் தொலைபேசித் தொழிற்சாலையை நம்பித்தான் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பல அந்தப் பக்கம் குடிவந்தன. அப்பாவுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அம்மா அல்சூரில் பள்ளி ஆசிரியை, விடிந்தும் விடியாமல் பஸ் பிடிப்பாள். குழாயடித் தண்ணீர், ரேஷன் கடை வரிசை, மாவு மில், குழந்தைகள் எல்லாம் பாட்டியின் தலையில். கும்பகோணத்திலிருந்து அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு ருக்மணி குக்கர் இருந்தது. உயரமான பித்தளை உருளை, அடியில் கரி போடும் தட்டு, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் பாத்திரங்கள். கீழடுக்கில் துவரம்பருப்பு, அதன்மேல் அரிசி, உச்சியில் பூசணியோ சௌசௌவோ. கரி கனன்றதும் மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது எல்லாம் வெந்திருக்கும். கரி தணிந்தால் வேக்காடும் தானாக நிற்கும், அடிப்பிடிக்காது. வந்து ரசத்துக்குத் தாளித்தால் சாப்பாடு தயார்.

இது கும்பகோணத்துக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 1910இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் இதே மாதிரி கரியில் வேகும் அடுக்குப் பாத்திரத்தை இக்மிக் குக்கர் என்ற பெயரில் உருவாக்கினார். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் பானைமேல் பானை அடுக்கிச் சமைப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியதாகச் சொல்வார்கள். விடுதியில் தங்கிப் படித்தவர்களும் வெளியூரில் தனியாக வேலை பார்த்தவர்களும் அதைக் கொண்டாடினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாதவர்களுக்கான பாத்திரம் அது.

பிறகு பிரஷர் குக்கர் வந்தது. எங்கள் தூரவாணிநகரிலேயே 1959இல் டி.டி.கே. நிறுவனம் பிரஸ்டீஜ் குக்கர் தயாரிக்கத் தொடங்கியது. பெங்களூர்க்காரர்களுக்கு அது பெரிய வரம். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய மதராஸைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கும். பாட்டி ஒன்றரை மணி நேரம் விட்டுவைத்த பருப்பை அம்மா இருபது நிமிடத்துக்குள் இறக்கினாள். ருக்மணி குக்கர் பரணுக்குப் போனது.

நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, குழந்தை பெற்ற காலம் முழுவதும் விசில் சத்தத்தோடுதான் விடிந்தது. அந்தக் குக்கர் இல்லாவிட்டால் நான் வேலையில் நீடித்திருக்க மாட்டேன். அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன். ஆனால் பாட்டிக்கு இருந்த ஒன்று எனக்கு இல்லாமல் போனது. அடுப்பை ஏற்றிவிட்டு அவள் வெளியே போனாள். நான் விசிலை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நிமிடங்கள் குறைந்தன, அந்த நிமிடங்கள் முழுவதற்கும் ஓர் ஆள் தேவைப்பட்டாள். அந்த ஆள் எப்போதும் நானாகவே இருந்தேன்.

இப்போது என் மகள் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறாள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள். 2023 அக்டோபரில் மெட்ரோ அந்தப் பக்கம் முழுதாக ஓடத் தொடங்கியது பெரிய ஆறுதல். ஆனாலும் டின் ஃபேக்டரி சந்திப்பில் மழை நாள் சாயங்காலம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், வீடு எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் எலக்ட்ரிக் ஸ்லோ குக்கர் வாங்கினாள். பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, ஒரு திருகு, அவ்வளவுதான். அதன் கதையும் எங்கள் பாட்டி கதை போன்றதே. இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க யூதர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்குமுன் பயறும் கிழங்கும் இட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் இரவெல்லாம் வைத்து மறுநாள் எடுப்பார்கள் என்று லிதுவேனியாவில் வளர்ந்த அவருடைய தாய் சொன்னதுதான் அதற்கு விதை. 1970களில் கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்கள் அதை வாரிக்கொண்டு போனார்கள்.

மகள் வீட்டில் ராத்திரி படுக்கப்போகும்போது கறுப்புக் கொண்டைக்கடலை அதில் ஏறுகிறது. காலையில் ஊறப் போட்ட கடலையைக் கழுவி, சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள்தூள், சாம்பார்பொடி, கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கிற அளவு தண்ணீர் சேர்த்து, திருகை ‘லோ’வில் வைக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் கடலை உடையாமல் பஞ்சாக வெந்திருக்கும். புளியை முதலிலேயே விட்டுவிடக் கூடாது, புளிப்புப் பட்டால் பருப்பும் பயறும் வேக மறுக்கும். காலையில் தனியாகக் கொதிக்கவைத்த புளித்தண்ணீரை விட்டுத் தாளித்தால் மணக்க மணக்கக் குழம்பு. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தையெல்லாம் அவரைக்காய் மணக்கும். உரித்த அவரைக் கொட்டையைக் காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் களி உருண்டைக்குச் சாறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிஸிபேளாபாத், அரிசியும் பருப்பும் குழைவதுதானே அதற்கு அழகு. வெறும் சாதத்துக்கு மட்டும் இது ஆகாது, கூழாகிவிடும். அதற்குப் பழைய பிரஷர் குக்கரே சரி.

மூன்று விஷயங்களில் நான் கண்டிப்பானவள். ராஜ்மாவை ஒருபோதும் பச்சையாக இதில் போடாதீர்கள். அதில் இருக்கும் ஒரு நச்சுப்புரதம் மெல்லிய சூட்டில் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதலில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது, மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேலாகும். மூன்றாவது, நீங்கள் இல்லாதபோது கரெண்ட் போய் எத்தனை நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள். அரைச்சூட்டில் கிடந்த உணவில் கிருமி பெருகும், மறுபடி கொதிக்கவைத்தாலும் சில நச்சுகள் போகாது.

சின்னக் குக்கர் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதற்கு பெஸ்காம் பில் எகிறிவிடாது. வாங்க வசதி இல்லாதவர்கள் கேரளத்துச் சூடாறாப்பெட்டி முறையைப் பார்க்கலாம். அரிசியைக் கொதிக்கவிட்டு, சூடு வெளியேறாத பெட்டியில் பானையோடு வைத்து மூடிவிட்டால் மீதி வேக்காடு அதுவாக நடக்கும்.

பாட்டிக்குப் பதிலாகக் கரி தட்ட அன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. கங்கு பிடிக்கவைப்பது கஷ்டமான வேலை, கையும் சுடும். இன்றைக்கு அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது. கடலை கழுவி, தண்ணீர் ஊற்றி, திருகைத் திருப்பப் பத்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். மகள் வீட்டில் அது மருமகனின் பொறுப்பு. அவர் வெளியூர் போனால் பெரிய பேரன். இதைப் படிக்கிற ஆண்களுக்குச் சொல்கிறேன்: ராத்திரி அந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே தொடங்குங்கள்.