மிச்ச நட்டு: ஊவாவை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய ஜீப்பைக் கழற்றிப் பூட்டியவர் எவருக்கும் கடைசியில் ஒரு நட்டு மிஞ்சும். வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், நட்டும் கையில் இருக்கும். ஊவா மாகாணத்தில் பதுளை முதல் பசறை, லுணுகலை, மடுல்சீமை வரை கராஜ்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் இது. அந்த நட்டு எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. தேயிலைக்குத் தலவாக்கலையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நட்டுக்கு இல்லை. நட்டுக் கழன்றவன் என்று ஏசத் தெரிந்த நமக்கு, ஒரு நட்டு கூடுதலாக உள்ளவனைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை. இக்கட்டுரை அந்த வெற்றிடத்தில் பிறந்தது.

முதலில் இலக்கணம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஜீப் பார்த்தவரல்லர். ஆயினும் இரண்டு சேரும்போது என்ன நடக்கும் என்பதை அவரைப் போல் யாரும் சொல்லவில்லை. மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. மாறிச் சேர்ந்தால் விகாரம், அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. கழற்றும்போது இல்லாத நட்டு பூட்டும்போது வந்து நிற்பது தோன்றல். போல்ட்டின் மரை மழுங்கிப்போவது திரிதல். கைதவறி இன்ஜினுக்கு அடியில் உருண்டு, பிறகு யார் கண்ணிலும் படாமல் போவது கெடுதல். இயல்புப் புணர்ச்சியைக் கண்டதாக ஊவாவில் ஒருவரும் இதுவரை சொல்லவில்லை.

நட்டுகளின் வம்சாவளி சிக்கலானது. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகள் செய்தன. ஃபோர்ட் தன் போல்ட் தலைகளில் ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. வெளிநாடுகளில் போர்க்கால வண்டிகளுக்கு உயிர் கொடுப்பவர்களில் சிலர், எஃப் இல்லாத ஒரு போல்ட் ஃபோர்ட் ஜீப்பில் இருந்தால் இரவு தூங்கமாட்டார்களாம். நம் பாஸ்மார் நன்றாகத் தூங்குவார்கள். (பாஸ் என்றால் முதலாளி என்று எண்ண வேண்டாம். இங்கே அது தொழில் தெரிந்த கைக்காரர்.) போருக்குப் பின் இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்ற ரோவர் கம்பனிப் பொறியியலாளர் தன் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிப் பார்த்து, அதைக் கண்டு செய்ததுதான் லேண்ட்ரோவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. பின்னால் தோட்டத்துத் துரைமாரை ஏற்றிக்கொண்டு மலை ஏறியது. 1953 முதல் ஜப்பானின் மிட்சுபிஷியும் உரிமம் பெற்று ஜீப் செய்தது.

ஆக ஒரே கராஜில் மூன்று குலம். ஆங்கிலேயர் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரைக்கு 55 பாகைக் கோணம். அமெரிக்கருடையது 60. ஜப்பான்காரர் மில்லிமீட்டரில் அளப்பவர். கால் அங்குல விட்வொர்த் நட்டும் அமெரிக்கப் பருமரை போல்ட்டும் கோணம் வேறானாலும் ஓரளவு ஒத்துப்போகும், ஏனெனில் இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரை. அரை அங்குலத்தில்தான் வம்பு. விட்வொர்த்துக்கு 12, அமெரிக்கருக்கு 13. கொஞ்சம் இனிமையாக ஏறிவிட்டுப் பிறகு அடம்பிடிக்கும். “கையால போகாதத ஸ்பேனரால போகச் சொல்லாத” என்பது ஹாலிஎலப் பக்கத்து பாஸ் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். கட்டணம் ஒரு பிளேன்டீ.

அவரிடம்தான் கள ஆய்வு நடந்தது. பழைய லேண்ட்ரோவர் ஒன்றின் கியர்பொக்ஸை இறக்கி ஏற்றினோம். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் பிடித்தேன். கடைசியில் வழக்கம்போல் ஒரு நட்டு மிஞ்சியது. படங்கள் அத்தனையிலும் தேடினேன், அது எதிலும் இல்லை. பாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு பால்மா டின்னில் போட்டார்.

“இது இந்த வண்டியோடது இல்ல தம்பி. போன வண்டியோட மிச்சம்.”

“அப்ப போன வண்டிக்கு?”

“அதுக்கு முந்தின வண்டியோடதப் போட்டேன்.”

இதிலிருந்து நான் அடைந்த முடிவு: ஊவாவில் எந்த வண்டியின் நட்டும் அந்த வண்டியில் இல்லை. எல்லாம் ஒரு வண்டி தள்ளி இருக்கின்றன. உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறதே என்று மறுப்பாளர் கேட்கலாம். பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924இல், தூரம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ஒரு நட்டுக்காக இரவு ரயில் ஏறுபவர் ஆய்வுக்குரியவர், ஆனால் அது வேறு துறை. மற்றவர்கள் பண்டாரவளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் இந்த டின்னைத் தேடி வருகிறார்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றைப் போட வேண்டும். எடுத்தவர் தன் வண்டியின் நோயையும், அதற்குக் கண்ட வைத்தியத்தையும் சொல்லாமல் போக முடியாது. நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் இரண்டாவது நட்டும் கிடைக்கும்.

மிச்சம் என்ற கருத்தை கராஜுக்கு வெளியே கொண்டுபோவது ஆய்வு எல்லையை மீறுவதாகும். இருந்தாலும் ஒரு குறிப்பு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் இனி ஒரே மரைதான் என்று ஒப்பந்தம் செய்தது 1948 நவம்பரில். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நவம்பரில். நட்டுகளுக்கு நாடு கடந்த உறவு கிடைத்த மாதத்தில் தோட்டத்து மக்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரை எண்ணினார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. 1,50,000 பேர் மிஞ்சினார்கள். அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்து, 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பாஸின் அப்பா அந்த மிச்சத்தில் ஒருவர். பாஸ் எந்த நட்டையும் வீசுவதில்லை.

ஆய்வு தொடர்கிறது. வீட்டில் மிச்ச நட்டு வைத்திருப்பவர்கள் பதுளைப் பக்கம் வரும்போது கையோடு கொண்டுவர வேண்டுகிறேன். அரை அங்குலமாக இருந்தால், மரை பன்னிரண்டா பதின்மூன்றா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.