ஷிப்டு பேதமும் சிற்றுயிர் நிர்ணயமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்துகிடக்கும் தொழிற்சாலைகளில் கார் ஒன்றில் சேரும் கடைசித் திருகாணிக்குங்கூட ஒரு பார்ட் நம்பர் உண்டாயிருக்க, அங்கே உழைக்கும் பிரம்மசாரிகள் சிலர் கூடி வாடகைக்கு எடுத்த வீட்டின் கூடத்தில், கடலுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உள்ளே, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்து வைத்த கண்ணாடித் தொட்டியில் ஊர்கின்றவற்றுக்கு யாதொரு நம்பரும் இல்லாமையால் நித்தியம் விளையும் வாக்குவாதமே இவ்விசாரணைக்கு நிமித்தம்.

இச்சிற்றுயிர்களை ஒருவரும் விலைக்கு வாங்கவில்லை. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சமபந்தியில் அமர்ந்திருப்பதால், தொட்டியிலுள்ள பாறை சிமெண்டினால் ஆனது. கொளத்தூர் வளர்ப்புமீன் சந்தையிலிருந்து வந்த ஒரு பிடிக் கடற்பாசியில் முட்டையாகவும் குஞ்சாகவும் ஒட்டிக்கொண்டு இவை டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்தன என்பது அனுமானம்.

பூர்வாசிரியர்கள் இத்துறையில் வாளா இருந்தவர்கள் அல்லர். நத்தையினத்தை ஈரறிவிலும், எறும்பை மூவறிவிலும், நண்டை நாலறிவிலும் வைத்த தொல்காப்பியர், பாதி நண்டும் பாதி எறும்புமாகத் தோன்றும் ஆம்ஃபிபாடுக்கு மூன்றரை அறிவு வழங்கியிருப்பாரா என்பது அறிஞர் ஆராயத்தக்கது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி கிரேவ்லி முதலானோர் பங்கிட்டு எழுதிய தொகுதியைச் சென்னை அருங்காட்சியகம் 1927-இலேயே வெளியிட்டது. ஆயினும் புட்டியில் அடைபட்ட பிராணி எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்குமென்னும் சௌகரியம் அவர்களுக்கு இருந்தது; நம்மவர்க்கு அது வாய்க்கவில்லை.

நமது சித்தாந்தம் யாதெனில், பிராணியின் ஜாதியை நிர்ணயிப்பது அதன் அங்க லட்சணங்களைக் காட்டிலும் பார்ப்பவரின் ஷிப்டே என்பதாம். ஏ ஷிப்டுக்காரர் மாலை விளக்கொளியில் காண்பது, கண்ணாடிமேல் வெண்புள்ளிகளாய்த் தத்தும் கோப்பிபாடுகளும், சுண்டுவிரல் நகத்தளவுள்ள ஆஸ்டரினா நட்சத்திர மீனுமே. அது தன்னைத் தானே பிளந்து இரண்டாகும் வழக்கமுடையதாகலின், மூன்று கை நெடிதும் மற்றவை முளைவிட்ட மொட்டுமாக இருக்கும். தரக்கட்டுப்பாட்டில் பணிபுரியும் அவர் அதைப் பார்க்குந்தோறும் ரிஜெக்ட் என்கிறார்.

பி ஷிப்டுக்காரரோ நள்ளிரவுக்குமேல் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பார்க்கிறார். பொந்தினின்று பாதி உடல் நீட்டி, இருபக்கமும் வெண்மயிர்க் கற்றைகள் சிலிர்க்க, எஞ்சிய தீனியை இழுத்துச்செல்லும் முள்மயிர்ப் புழுவை அவர் கண்டு, பூரான் என்றே கூவினார். அதைத் தொட்ட விரலில் தைத்த மயிரைச் செல்லோடேப் ஒட்டித்தான் உரிக்க வேண்டியதாயிற்று. விழித்தெழுந்த ஏ ஷிப்டுக்காரர் விளக்கைப் போட்டதும் புழு மறைந்தபடியால், பிரத்தியட்சப் பிரமாணம் அங்கே தோற்றது. உடன் வசிக்கும் இராமநாதபுரத்து நண்பர் மட்டும், “எங்க ஊர்ல வலையில ஏறுனா உதறிட்டுப் போவோம் அண்ணே, இதுக்குப் போயா சண்டை?” என்றார்.

பழுப்புக் குடைபோல் விரியும் அய்ப்டேசியா என்னும் கடல் அனிமோனைப் பற்றி மாத்திரம் கருத்து வேற்றுமை இல்லை; அது சத்துரு. சுரண்டி எடுத்தால் விட்டுப்போன துணுக்கெல்லாம் தனித்தனி அனிமோனாக வளர்வதால், குழைத்த சுண்ணாம்பை ஊசியால் அதன் வாயில் செலுத்துவது முறை. வெற்றிலைச் சுண்ணாம்பு உதவுமா என்னும் ஆராய்ச்சி, நல்லவேளையாக, கைவிடப்பட்டது.

எஞ்சியவர் சி ஷிப்டுக்காரர். பகலெல்லாம் உறங்கவேண்டிய அவர் எதையும் பார்த்ததே இல்லை, கேட்டிருக்கிறார். தொட்டியிலிருந்து ‘டக், டக்’ என்று எழும் ஓசையைக் கேட்டு, பராமரிப்புப் பிரிவில் பழகிய காதினராகையால், பம்பில் பேரிங் போயிற்றென்று தீர்ப்பளித்து, அதைக் கழற்றி மாட்டுவதே தொழிலாகத் தூக்கத்தை இழந்தார். சொடுக்கு இறால் தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி தோன்றி, அக்குமிழி நொறுங்குவதே அவ்வோசைக்குக் காரணமென்று 2000-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அதிவேகப் படமெடுத்து நிரூபித்திருப்பதைச் சொல்லியும் அவர் இசையவில்லை. பேரிங்குக்கு ஒரு ஸ்பேர் இருக்கிறது, இறாலுக்கு இல்லை என்பது அவர் வாதம்.

ஆகவே, தொழிற்சாலை முறைப்படி தொட்டியருகே ஒரு ஷிப்டு ஒப்படைப்புப் புத்தகம் வைக்கப்பட்டது. அதில் முதற்பதிவு அவருடையதே: “சத்தம் உள்ளது. பம்ப் மாற்றியாகிவிட்டது. சத்தம் உள்ளது. அடுத்த ஷிப்ட் கவனிக்கவும்.”