முதுகில் 16 லிட்டர்

2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்கள். மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. துப்பாக்கியும் பீரங்கியும் விமான உதிரிபாகமும் இனி நம் மண்ணிலேயே விளையும் என்றார்கள். மேடையை விட்டு இறங்கி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வடக்கே வந்திருந்தால் அசல் போர்க்களத்தையே பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளில் அன்னியப் படை ஒன்று புகுந்து, அந்தப் பருவத்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றுவிட்டு, கதிருக்குள் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. அமைச்சருக்கு யாரும் வழி சொல்லவில்லை போலும்.

படையின் பெயர் அமெரிக்கன் படைப்புழு. பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். 2016 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. இரண்டே ஆண்டில் சகாராவுக்குத் தெற்கே நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றிவந்துவிட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்ணில் பட்டது. அடுத்த சோளப் பருவத்தில் எங்கள் வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் செந்துறையிலும் இருந்தது. தாய் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் 100 கிலோமீட்டர் பறக்கும். ஆயுள் முழுக்க ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். அடையாளமும் மறைவில்லை. தலையில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில ஒய், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி. இத்தனை விவரமும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுச் சொன்னதுதான். எல்லையில் பறக்கும் புறாவைப் பிடித்துக் காலில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிற தேசம் நம்முடையது. இரண்டு ஆண்டு ஊர்வலமாக வந்த பூச்சி மட்டும் அந்தக் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

ஆப்பிரிக்க ராணுவம் என்றால் நம்மூர் வாட்ஸ்அப் தளபதிகளுக்கு ஒரு இளக்காரம். பழைய ரஷ்யத் துப்பாக்கி, பிக்கப் வண்டியின் முதுகில் இயந்திரத் துப்பாக்கி, காலில் ரப்பர் செருப்பு என்று படம் போட்டுச் சிரிப்பார்கள். 1987-இல் சாட் நாட்டுப் படை அதே டொயோட்டா பிக்கப்புகளில் பாலைவனத்தில் பாய்ந்து, பிரெஞ்சுக்காரர் கொடுத்த மிலான் ஏவுகணைகளால் கடாபியின் டாங்கிகளைப் பொசுக்கித் தள்ளியது. அந்தப் போருக்கே டொயோட்டா போர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அதை விடுங்கள். நான் சொல்லவந்த ஆப்பிரிக்க ராணுவங்கள் வேறு.

புழு வந்ததும் ஜாம்பியா அதிபர் எட்கர் லுங்கு விமானப் படையைக் கூப்பிட்டார். 2017 தொடக்கத்தில் ராணுவ விமானங்கள் பூச்சிமருந்தை ஏற்றிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் பறந்தன. அதே ஆண்டு ருவாண்டாவில் சிப்பாய்கள் சோளக் காட்டில் இறங்கினார்கள். விவசாயிகளோடு வரிசையில் நின்று மருந்து அடித்தார்கள், குருத்தைப் பிரித்துக் கையால் புழு பொறுக்கினார்கள். நம்மைவிட ஏழை நாடுகள். சோளம் போனால் ஜனங்களின் வயிறு போகும், வயிறு போனால் நாடு போகும் என்ற கணக்கு அங்கே ராணுவத் தலைமையகம் வரை தெரிந்திருக்கிறது. இங்கே சோளம் நாமக்கல் கோழிக்குத் தீவனமாகப் போகிறது. முட்டை விலை ஏறினால்தான் தலையங்கம் வரும்.

நமக்கும் ஆப்பிரிக்க ஆயுதங்களுக்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. இனவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு 1946-லேயே வணிகத்தை முறித்துக்கொண்ட பெருமை நமக்கு உண்டு. 1990-இல் மண்டேலாவுக்குப் பாரத ரத்னா கொடுத்த பெருமையும் உண்டு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், கறுப்பர் குடியிருப்புத் தெருக்களில் இனவெறிப் போலீஸ் ஓட்டித் திரிந்த காஸ்பிர் கவச வண்டியை வாங்கிக் காஷ்மீரில் ஓட்டவிட்ட பெருமையும் நமக்கேதான். வண்டியைக் குறை சொல்ல முடியாது. அடிப்பாகம் ஆப்பு வடிவம். கண்ணிவெடி வெடித்தால் விசை இரு பக்கமும் சிதறிப்போகும், உள்ளே இருப்பவன் பிழைப்பான். அப்புறம் டெனல் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் கனரகத் துப்பாக்கிக்கு ஆசைப்பட்டோம். கமிஷன் புகார் எழுந்தது. 2005-இல் டெனல் கறுப்புப் பட்டியலுக்குப் போனது. ஆவடி அர்ஜுன் டாங்கியின் அடிச்சட்டத்தில் டெனல் பீரங்கியை ஏற்றும் பீம் திட்டமும் அதோடு படுத்துவிட்டது. இறக்குமதி நின்ற கையோடு திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தானே ஒன்றைச் செய்தது. பெயர் வித்வன்சக். 1,800 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியைத் துளைக்கும். எடை 25 கிலோ. திருச்சிக்காரர்களின் திறமையில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. அவர்களிடம் யாரும் மருந்து அடிக்கிறவனுக்கு ஒரு முகமூடி செய்யச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, பெரம்பலூர் முனையில் நம் படைபலம் என்ன? படைவீரன் ஒருவன், கூலிக்கு வந்தவன். சில சமயம் காட்டுக்காரனே. முதுகில் 16 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். நிரப்பினால் ஏறக்குறைய 20 கிலோ, வித்வன்சக்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. மூடி சரியாக உட்காராது, ஒவ்வொரு எட்டுக்கும் கழுத்தில் சொட்டும். இலக்கு இருக்கும் தூரம் 1,800 மீட்டர் அல்ல, மூக்குக்கு முன்னால் ஒரு முழம். புழு பகலில் குருத்துக்குள் பதுங்கிக்கொள்ளும் என்பதால் ஆள் உயரம் வளர்ந்த பயிருக்குள் நுழைந்து ஒவ்வொரு குருத்திலும் குழாயை நீட்ட வேண்டும். எதிர்க்காற்றில் பாதி மருந்து திரும்பித் தன் முகத்துக்கே வரும். கவசம் என்று பார்த்தால் தலையில் துண்டு, இடுப்பில் கைலி, காலில் ஒன்றுமில்லை. காஸ்பிருக்குள் உட்காருகிறவன் உயிர்பிழைக்க எஞ்சினியர்கள் இரும்பை எந்தக் கோணத்தில் வளைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இவன் உயிருக்காக ஒரு ரப்பர் வாஷரைக்கூட யாரும் மாற்றித் தரவில்லை.

சட்டம் இருக்கிறது, இல்லாமல் போகுமா! 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் பாதுகாப்பு உடையையும் சுவாசக் கருவியையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதமும் பேசுகிறது, எறும்பு படிக்கிற எழுத்தில். கையுறை அணியவும், கண்ணாடி அணியவும், காற்றுக்கு எதிராக நிற்க வேண்டாம். கடையில் டப்பா கிடைக்கும். கையுறை கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

இது புழு வந்தபிறகு வந்த சங்கடமும் இல்லை. புழுவுக்கு முந்தைய ஆண்டு, 2017-இல், இதே பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்து அடித்தவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். சிலர் பிணமாகத் திரும்பினார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்து யவத்மாளில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். போரில் எதிரி சுடுவதற்கு முன்னாலேயே தன் துப்பாக்கி தன்னைச் சுட்ட படை இது. ராணுவத்தில் இப்படி நடந்தால் விசாரணை மன்றம் உட்காரும், தளவாடம் கொடுத்தவன் கறுப்புப் பட்டியலில் ஏறுவான். இங்கே செத்தவன் மீதே குற்றம். அளவு தெரியாமல் கலந்தானாம், முகத்தைக் கட்டவில்லையாம், வெறும் வயிற்றில் போனானாம். வெறும் வயிற்றில் ஏன் போனான் என்று கேட்க மட்டும் எந்த அதிகாரிக்கும் வாய் வரவில்லை.

வாகனப் பிரிவைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். சாட் படைக்கு டொயோட்டா என்றால் எங்கள் படைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் தெளிப்பான், பின்னால் தண்ணீர்க் குடம், நடுவில் படைவீரன். அரியலூர்ப் பக்கம் போனால் எதிரே சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் கவசப் படைபோல் அணிவகுத்து வரும். அவற்றுக்கு நாங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது இந்த மாவட்டத்தின் எழுதாத ராணுவ ஒழுங்கு. விமானப் படையும் இப்போது உண்டு. நமோ டிரோன் தீதி என்று 1,261 கோடி ரூபாய்த் திட்டம், நாடு முழுக்க 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன். நல்ல திட்டம்தான், மருந்து மனிதன் மூக்கில் ஏறாது. முந்நூறு ஏக்கர்க்காரனுக்கும் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்காரனுக்கும் அது ஒரே நாளில் வந்து இறங்குமா என்பதை அந்தந்த ஊரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர் இழப்பீடு தனி நாடகம். பயிர்க் காப்பீட்டில் புழு உன் காட்டை அழித்ததா என்பது கேள்வியே இல்லை. கிராமம் அல்லது பிர்க்கா முழுக்கச் சராசரி விளைச்சல் எவ்வளவு என்பதே கேள்வி. ஆகவே புழு யோக்கியனாக எல்லாக் காட்டிலும் சம அளவில் தின்ன வேண்டும். என் காட்டை மொட்டையடித்துவிட்டு நாலு காடு தள்ளி இருக்கிறவன் காட்டை விட்டுவைத்தால், சராசரியில் நான் விளைந்தவன் ஆகிவிடுவேன். எல்லையில் ஒரு காவல்சாவடி தகர்ந்தால் பிர்க்கா சராசரி பார்த்தா பதிலடி கொடுக்கிறார்கள்?

அரியலூருக்குப் பெரிய மனிதர்கள் வராமல் இல்லை. 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமரே வந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முன் கடல் கடந்து போன ராஜேந்திரனின் படையைப் புகழ்ந்தார், நாணயம் வெளியிட்டார், சிலை வைப்பதாகச் சொன்னார். கடல் கடந்து இங்கே வந்த படையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோயிலைச் சுற்றி நாலு திசையிலும் அது குடியேறி அப்போது ஏழாவது ஆண்டு.

புரட்டாசி மழைக்கு மறுபடி சோளம் விதைப்போம். விதைநேர்த்தி செய்யுங்கள், கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்குப் போடுங்கள், வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் ஊன்றுங்கள், இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள் என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அத்தனையும் நல்ல யோசனை, செய்கிறோம். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் கவனத்துக்கு எங்கள் தரப்பிலிருந்து ஒரு தளவாடக் கோரிக்கையும் இருக்கிறது: கையுறை, கண்ணாடி, முகமூடி, கழுத்தில் ஒழுகாத மூடி போட்ட தெளிப்பான். விதைத்த பதினைந்தாம் நாளே புழு குருத்துக்கு வந்துவிடும், அதற்குள் கிடைத்தால் தேவலை.