ஏரி நீரை ஏரியிலேயே சுமத்தல்: எடைநீர்ப் பம்பும் அதன் ஒயரும் குறித்த ஆய்வு

எடைநீர்ப் பம்பு என்பது ஏரியில் மிதக்கும் படகுக்குள் அதே ஏரியின் நீரை ஏற்றி, பொழுது சாய்ந்ததும் அதே ஏரியில் திரும்பக் கொட்டும் கருவி. மிதப்பதற்கென்று பெரும்பணம் கொடுத்து வாங்கிய படகை முடிந்தவரை அமிழ்த்துவதே இதன் பயன். அமெரிக்க ஏரிகளில் பரவியுள்ள வேக்சர்ஃபிங் விளையாட்டில், மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகின் பின்னால் எழும் அலைமேல், கயிற்றையும் விட்டுவிட்டுப் பலகையில் சறுக்குகிறார்கள். படகு கனக்கக் கனக்க அதிக நீரை விலக்கும், அலையும் பெருகும்.

நீருக்குள் நீருக்கு எடை உண்டோ என்பது இங்கே எழும் முதல் ஐயம். நீர் நிரப்பிய பையை ஏரிக்குள் போட்டால் இல்லை. படகுக்குள் வைத்தால் முழு எடையும் உண்டு. ஆர்க்கிமிடீஸ் தீர்த்துவைத்த இந்த வழக்கை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோவோர் படகுத்துறைகளில் இன்றும் இருக்கின்றனர். பரவலாக விற்கும் 750 பவுண்டுப் பை ஒன்று நிரம்பினால் 340 கிலோ: சாப்பாடு கேட்காத, முறை கேட்காத நாலைந்து பயணிகளுக்குச் சமம். அலையைத் திருப்பிவிடும் பின்தகடுகள் இல்லாத பழைய படகில், இடக்காலை முன்வைத்து நிற்பவருக்காக இடப்பக்கம் பை நிரப்புவர். வலக்காலை முன்வைப்பவர் ஒருவர் வந்து சேர்ந்தால் 340 கிலோவையும் வலப்பக்கம் மாற்றியாக வேண்டும். தூக்கிச் செல்லும் பம்பின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

பம்பு தேர்வில் இரு சமயங்கள் உண்டு. முதலாவது மையவிலக்குச் சமயம்: அட்வுட், ரூல் போன்ற நிறுவனங்களின் நீர்மூழ்கிப் பம்பை ஹோஸோடு கட்டிப் படகோரத்தில் தொங்கவிடுவது. விலை குறைவு, பாய்ச்சல் அதிகம். ஆனால் காற்று புகுந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், சொட்டு நீர் ஏறாது. இரண்டாவது இம்பெல்லர் சமயம்: ரப்பர் இதழ்ச் சக்கரம் தானே நீரை உறிஞ்சும், சுழற்சியைத் திருப்பினால் அதே பம்பு வெளியேற்றவும் செய்யும். ஜாப்ஸ்கோ நிறுவனம் இவ்வகையில் ஒன்றுக்கு ‘பாலஸ்ட் பப்பி’ என்று நாய்க்குட்டிப் பெயர் வைத்திருக்கிறது. நீரின்றி ஓடவிட்டால் இதழ்கள் சூடேறிக் கிழியும். அடிக்கடி பக்கம் மாற்றுபவருக்கு இரண்டாம் சமயமே உகந்தது.

பெட்டியில் மணிக்கு 1200 கேலன் என்றிருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 76 லிட்டர். 340 கிலோப் பை நாலரை நிமிடத்தில் நிரம்ப வேண்டும். நிரம்பாது. அந்த எண் பெரும்பாலும் 13.6 வோல்ட்டில், ஹோஸ் இல்லாமல், ஏற்றமும் இல்லாமல் அளந்தது. எஞ்சினை அணைத்த படகில் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் தராது. நீரோ படகு விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும்.

எஞ்சிய குற்றம் ஒயருடையது. பம்பைத் திட்டுபவர்களில் பலர் திட்ட வேண்டியது ஒயரைத்தான். அமெரிக்க கேஜ் கணக்கில் ஒயர் தடிக்கத் தடிக்க எண் குறையும். எட்டு ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு ஐந்து மீட்டர் தள்ளி 16 கேஜ் ஒயர் கொடுத்தால், போய்வர பத்து மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே செலவாகும். 12 கேஜில் 0.4 வோல்ட்தான். போகும் தூரத்தை மட்டும் கணக்கிட்டுத் திரும்பும் தூரத்தை மறப்பது இத்துறையின் தொன்றுதொட்டு வரும் மரபு. ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும். வெறும் செம்பு ஈரத்தில் உறைக்குள்ளேயே கறுக்கும்.

அடுத்தது சிகரெட் லைட்டர் பிளக். புகைபிடிப்போர் அருகிவிட்ட பின்னும் இத்துளை மட்டும் பிழைத்திருக்கிறது. நுனியில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு தகடு. படகு அதிர அதிரத் தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சுடும். பத்து நிமிடம் ஓடிய பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் இளகியிருப்பது விரலுக்கே தெரியும். சிறிய பம்புக்கு இது போதும். பெரியதற்குத் தனி ஒயரும் பூட்டிக்கொள்ளும் கனெக்டரும் வேண்டும். ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஃபியூஸ் காப்பது பம்பை மட்டுமல்ல, பம்புவரை போகும் ஒயரையும். பம்புக்குப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் நடுவழியில் ஒயர் உரசித் தேய்ந்தால் பார்த்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தட்டில் தேங்கும். ஆகவே எஞ்சின் அறையில் பொறி வெளிவராத வகை சுவிட்சும் ரிலேயும் மட்டுமே. கரைமேடையின் 120 வோல்ட் வீட்டுப் பம்பை நீரில் இறக்கும் ஒரு பிரிவினரும் உண்டு. அவர்களது கொள்கை ஆராயத்தக்கதன்று, தவிர்க்கத்தக்கது.

நிரப்பிய பின் பம்பை நீரிலேயே விட்டு அணைத்தால், ஹோஸ் வழியே பை தானாகவே ஏரிக்கு வடியத் தொடங்கும். வடிய வேண்டிய மாலையிலோ வடியாது: பையின் சுவர் வாயை அடைத்துக்கொள்ள, பம்பு வெறுமனே உறுமும். அப்போது ஒருவர் ஈரப் பைமேல் குப்புறப் படுத்து, மறுகோடியிலிருந்து வாய்ப்பக்கமாக உருண்டு வருவதே நடைமுறை.

அப்படியும் பையில் கொஞ்சம் நீர் நிற்கும். அதில், ஏரிகளை ஆக்கிரமிக்கும் வரிச்சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஏரி விட்டு ஏரி பயணிக்கக்கூடும். 2024இல் நடைமுறைக்கு வந்த வெர்மாண்ட் மாநில விதி, இவ்விளையாட்டைக் கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால், குறைந்தது 20 அடி ஆழத்தில் மட்டுமே அனுமதிக்கிறது; படகுக்குச் சொந்த ஏரி ஒன்றைக் குறிக்கச் சொல்லி, வேறு ஏரிக்குப் போய்த் திரும்புமுன் கிருமிநீக்கம் செய்யவும் கட்டளையிடுகிறது. தூக்கிச் செல்லும் பம்பையும் பையையும் வாய் திறந்து வெயிலில் முழுக்க உலர்த்திய பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.