கிளம்பும் தம்பதி

கனடாவின் விஸ்லர் மலையூரில், காலங்காலமாக அந்த மண்ணுக்குரிய ஸ்குவாமிஷ், லில்வாட் மக்களை விட்டுவிட்டுப் பார்த்தால், தங்குவதற்கென்றே வந்தவர்கள் குறைவு. ஒரு குளிர்காலம் ஆசைதீரப் பனிச்சறுக்கிவிட்டு ஊர் திரும்பலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். லிஃப்டில் ஆளேற்றிவிடும் வேலை, ஓட்டலில் படுக்கை விரிக்கும் வேலை, ராத்திரியில் கோப்பை கழுவும் வேலை என்று எதுவானாலும் சரி. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் சீசன் பாஸ் உண்டா என்று கேட்பார்கள். குளிர்காலம் முடியும் நேரத்தில் யாராவது ஒரு புண்ணியவான் 'கோடையில் இந்த ஏரியைப் பார்த்திருக்கிறாயா?' என்று கேட்டுவைப்பார். அவ்வளவுதான், எட்டு வருடம் போய்விடும்.

அப்படி எட்டு வருடத்தைப் போக்கியவர்களில் ஒரு ஜோடி ஏப்ரல் பிறந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பும். வருடா வருடம் ஆள்தான் மாறும், கிளம்பும் அழகு மாறாது.

ஜோடியை அடையாளம் காண்பது எளிது. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பனிக்கண்ணாடி மறைத்த இடம் வெளுத்தும் மூக்கும் கன்னமும் கறுத்தும் இருக்கும். அவனுடைய மேல்சட்டை அவர்களுடைய காரைவிட விலை அதிகம். அவளுடைய கையுறையில் பாதி தோல், பாதி ஒட்டுநாடா. இருவருக்கும் சேர்த்து நான்கு முழங்கால்களில் ஒன்றுக்காவது அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கும். அவன் பெரும்பாலும் ஆஸ்திரேலியன். பனியே காணாத பிரிஸ்பேனிலிருந்து வந்து, பனியின் ஈரப்பதம் பற்றிக் கனடாக்காரர்களுக்கே வகுப்பெடுப்பவன். அவள் ஒன்டாரியோவில் பட்டம் வாங்கிவிட்டு, வேலைக்குப் போகுமுன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வந்தவள். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் கிளம்புகிறார்கள் என்பது கேட்பவரைப் பொறுத்தது. வீட்டுக்காரரிடம் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். முதலாளியிடம் நகரத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்பார்கள். நண்பர்களிடம் மட்டும் 'ஊர் முன்ன மாதிரி இல்லப்பா' என்பார்கள். மூன்றில் அவர்களுக்கு மிகவும் பிடித்த காரணம் இதுதான். 2016-ல் அமெரிக்காவின் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் இந்த மலைகளை வாங்கியதே, அதற்கு முன்னால் இங்கே எப்படி இருந்தது தெரியுமா என்று பெருமூச்சு விடுவார்கள். இந்த வருடத்து ஜோடி ஊருக்குள் கால் வைத்ததே 2017-ல். அதைச் சுட்டிக்காட்டுவது நாகரிகமல்ல. இவர்களிடம் பெருமூச்சு விட்டவர், 2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் இங்கே நடப்பதற்கு முன்னால் ஊர் நன்றாக இருந்தது என்றார். அவரிடம் விட்டவர், 1980-ல் பக்கத்து பிளாக்கோம்ப் மலையைத் திறந்ததோடு எல்லாம் போச்சு என்றார். 1966-ல் முதல் லிஃப்ட் ஓடியபோதுகூட, லண்டன் மவுண்டன் என்றிருந்த பெயரை விஸ்லர் என்று மாற்றியதிலேயே ஊர் கெட்டுவிட்டதாக ஒருவர் முனகியிருப்பார். மர்மோட் என்ற கொழுத்த மலையணில் விசிலடிப்பதை வைத்துச் சூட்டிய பெயர் அது. நம் எல்லோரையும் பற்றி அந்த அணிலுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடும்.

நாள் குறித்ததும் ஒரு விந்தை நடக்கும். எட்டு வருடமாகச் சுற்றுலாப் பயணிகளைக் கேலி செய்தவர்கள் ஒரே வாரத்தில் சுற்றுலாப் பயணிகளாகிவிடுவார்கள். ஊர் மையமான விஸ்லர் வில்லேஜின் நடுவே ஒலிம்பிக் வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் வரிசை கட்டிப் படமெடுப்பவர்களைக் கண்டால் இதுவரை இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இப்போது அதே வரிசையில் நின்று, முன்னால் இருக்கும் குடும்பம் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எரிச்சல்படுகிறார்கள். இரண்டு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கோண்டோலா 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. 4.4 கிலோமீட்டர் தூரம், பள்ளத்தாக்கிலிருந்து 436 மீட்டர் உயரம், பதினோரு நிமிடப் பயணம். அதில் எத்தனை நூறு தடவை போயிருப்பார்களோ, அத்தனை தடவையும் கைபேசியைப் பார்த்தபடிதான் போனார்கள். இப்போது கண்ணாடித் தரை வைத்த பெட்டிக்காகத் தனி வரிசையில் காத்திருந்து ஏறி, கீழே பார்த்து, அவன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

செக்கமஸ் ஆற்றங்கரைக் காட்டில் 1956-ல் தடம்புரண்ட சரக்கு ரயிலின் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன, உடம்பெல்லாம் வண்ணக் கிறுக்கலோடு. அதையும் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று இத்தனை வருடம் தள்ளியாயிற்று. இப்போது ஒரு வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் 'அட, நீங்க இன்னும் பார்க்கலையா?' என்று பரிதாபப்படுகிறார்கள்.

சாப்பாட்டுக் கதை வேறு. ஊரின் பெரிய உணவகங்களில் இவர்கள் பரிமாறியிருக்கிறார்கள், உட்கார்ந்ததில்லை. வசந்தத்தில் குளிர்காலக் கூட்டம் வடிந்து, கோடைக் கூட்டம் வராமல் ஊர் இரண்டுங்கெட்டானாக இருக்கும்போது அங்கே விலையைக் குறைப்பார்கள். அப்போது தலைவாரிக்கொண்டு போவார்கள். பக்கத்து மேசையில் காலித் தட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரக்கும். எழுந்து எடுத்துவிடாமல் இருக்க, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இவர்கள் போவதில் ஊருக்கு உண்மையான அக்கறை ஒன்றில்தான். அறை! விஸ்லரில் வேலை கிடைக்கும், பனி கிடைக்கும் (மலைமேல் பருவத்துக்குச் சராசரியாக 11 மீட்டர்), வாடகைக்கு இடம் கிடைக்காது. உழைப்பவர்களுக்கு வீடு ஏற்பாடு செய்யவென்றே 1997-ல் விஸ்லர் ஹவுசிங் அத்தாரிட்டி என்று ஓர் அமைப்பு வந்தது. அதன் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் பலர் காதலிக்கவே தொடங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே செய்தி கசிந்த மறுநாளே, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு ஓர் இளைஞன் வருவான்.

"உங்களைப் பிரியறது ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்பான். பார்வை மட்டும் சுவரின் நீளத்தை அளந்துகொண்டிருக்கும். "எப்போ கிளம்புறீங்க?"

"மே கடைசில."

"மே நடுவுல முடியாதா?"

அந்த அறையின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. விளம்பரத்தில் அவர்கள் 'மலை தெரியும்' என்று எழுதியது பொய்யில்லை. ஜன்னலுக்கு வெளியே தோள்வரை நீட்டி இடது பக்கம் திரும்பினால் தெரியும்.

நம்மூர் உறவினர் புறப்பட்ட பிறகு வாசலில் நின்றபடி ஒரு மணி நேரம் பேசுவாரே, அதை இரண்டு மாதத்துக்கு நீட்டியவர்கள் இவர்கள். முதல் பிரிவு விருந்துக்கு நாற்பது பேர் வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். தேதி தள்ளிப்போகும். இரண்டாவதற்குப் பத்துப் பேர் வந்து கட்டிப்பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன்பிறகு கடைத்தெருவில் எதிர்ப்படுபவர்கள் 'இன்னும் போகலையா நீங்க?' என்று கேட்பார்கள். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று இவர்களுக்கே கூச்சமாகி, காய்கறி வாங்கப் பின்வாசல் வழியாகப் போவார்கள்.

சாமான்களை ஒழிப்பதில் இன்னொரு மாதம். ஏழு ஜோடி ஸ்கீயும் ஏழு விதப் பனிக்கானவை என்று அவன் சத்தியம் செய்வான். மற்றதெல்லாம் நெஸ்டர்ஸ் சாலையிலுள்ள ரீ-யூஸ்-இட் சென்டருக்குப் போகும். உள்ளூர் சமூக சேவைச் சங்கம் நடத்தும் பழைய சாமான் கடை அது. ஒரு காலத்துக் குப்பைமேட்டின் மேல்தான் வில்லேஜையே கட்டினார்கள் என்பதால், கழித்துப்போட்டதை எடுத்துப் புழங்குவது இந்த ஊரின் பிறவிக்குணம். அவள் கொண்டுபோய்க் கொடுத்த பாலாடைக்கட்டி உருக்கும் சட்டியை அவள் வாங்கியதும் அங்கேதான், அவளுக்கு முந்தியவளும் அங்கேதான் வாங்கினாள். மூன்றாம் நடையில் அவன் முந்தாநாள் தானே கொடுத்த தலைக்கவசத்தை அலமாரியில் பார்த்து, 'அட, நல்லா இருக்கே' என்று காசு கொடுத்து வாங்கிவந்துவிடுவான்.

இந்த வாரங்களில் எல்லாமே கடைசி. கடைசிக் காபி, கடைசிப் பேருந்து, சலவைக்கடையில் கடைசி மூட்டை. மலைமேல் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இதுதான் கடைசி ஓட்டம் என்று சொல்லிவிட்டு இறங்கினால் காலை முறித்துக்கொண்டுதான் கீழே வருவோம் என்பது பனிச்சறுக்குபவர்களின் பழைய நம்பிக்கை. அதனால் 'இன்னும் ரெண்டு, அதுல கடைசியை விட்டுடலாம்' என்பார்கள். மலையை மூடும் நாளன்று பனி கூழாகி, பாதி வழியில் கல் தெரியும். அன்றும் இப்படியே 'இன்னும் ரெண்டு' சொல்லிச் சொல்லி, லிஃப்டை நிறுத்தி ஆளை விரட்டும்வரை ஏறி இறங்குவார்கள்.

அன்று ராத்திரி, பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பீட்சா சாப்பிடும்போது அவன் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பான். அடுத்த பருவத்து பாஸ் வசந்தத்தில்தான் மலிவு. 49 டாலர் முன்பணம் கட்டினால் அந்த விலை நமக்கு.

"நாமதான் போறோமே?" என்பாள் அவள்.

"தெரியும். அப்புறம் விலை ஏத்திடுவான், அதுக்காகச் சொன்னேன்."

அவள் பீட்சாவை மென்றபடி சற்று நேரம் யோசிப்பாள்.

"எனக்கும் சேர்த்துக் கட்டிடு."