ஆமையைக் காப்பாற்றுவது எப்படி? கடலோர வீட்டுக்காரர்களுக்குச் சில யோசனைகள்

பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் நடுவில் கடல் பார்த்த வீடு ஒன்று வைத்திருக்கிறீர்களா? நல்லது, பாதி வேலை முடிந்தது. மொட்டை மாடியில் மணலைப் பார்த்த மாதிரி ஒரு ஹாலோஜன் விளக்கு போடுங்கள். ராத்திரியில் வருகிற பிராணி, தடுக்கி விழுந்துவிடக் கூடாது பாருங்கள்.

பங்குனி ஆமைக் குஞ்சு ஒரே ஒரு பாடத்தைத்தான் படித்துவிட்டு முட்டையிலிருந்து வருகிறது: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல். கரையில் மின்கம்பம் முளைக்கும்வரை அது சரியாகவே இருந்தது. இப்போது உங்கள் மாடிதான் கடல். குஞ்சுகள் நேராக உங்கள் கேட்டுக்கு வந்து சேரும். அங்கே நாய்கள் கவனித்துக்கொள்ளும். நாய்க்குத் தப்பினால் இருக்கவே இருக்கிறது கிழக்குக் கடற்கரைச் சாலை.

அடுத்தது ராத்திரி நடை. சென்னையில் 1988-லிருந்து மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஊர் தூங்கிய பிறகு. நீங்களும் போகலாம், ஆனால் செல்போன் டார்ச்சை மறக்காதீர்கள். முட்டையிட ஏறி வரும் தாய் வெளிச்சத்தைக் கண்டால் அப்படியே திரும்பிப் போய்விடும். கூச்ச சுபாவம், நாமென்ன செய்ய?

அந்த மாணவர்கள் டார்ச்சை அணைத்துவிட்டு நடக்கிற விசித்திரப் பிறவிகள். அலையிலிருந்து ஏறித் திரும்பிப்போன தடத்தைப் பார்த்து, கலைந்து கிடக்கும் மணலில் ஒரு குச்சியை மெல்லச் செருகுவார்கள். குச்சி வழுக்கென்று இறங்குகிற இடத்தில் கையால் தோண்டுவார்கள். முழங்கை மறையும் ஆழத்தில் முட்டைகள், பிங்பாங் பந்து போல உருண்டையாக, தொட்டால் லேசாக அமுங்கும். ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் இருக்கும். எல்லாவற்றையும் பையில் எடுத்துப்போய், வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். பொரிய ஏறத்தாழ ஒன்றரை மாதம். மணல் சூடாக இருந்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள். இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? நீங்கள் குஞ்சு விடுகிற அன்றைக்கு வந்தால் போதும், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே நுழைந்து, ஒன்றைக் கையில் எடுத்து, தண்ணீரில் போட்டபடி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “சார், அது தானா ஊர்ந்து போகணும்” என்று யாராவது பையன் கெஞ்சுவான். ஒரு போட்டோவுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

கடலுக்குள் நடப்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம், கடந்துவிட்டோம். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவைமடி வலைக்குள் மாட்டினால் வர முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது, இருக்கட்டும். மடிக்குள் கம்பித் தடுப்பு வைத்து ஆமைக்கு ஒரு வாசல் விடவும் வழி உண்டு. ஆனால் அந்த வாசல் வழியாகக் கொஞ்சம் இறாலும் போய்விடும் என்பதுதான் படகுக்காரர் கவலை.

அந்தக் கொஞ்சத்துக்காக யாராவது கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் விட்டுவிடாதீர்கள், பேரம் பேசுங்கள். ஆமைப் படம் போட்ட டி-ஷர்ட்டை அன்றைக்கு மட்டும் தவிர்ப்பது நல்லது. பணக்காரர் என்று நினைத்து விலையை ஏற்றிவிடுவார்கள்.